போவதாக இருந்தாலும் டோமினோவை முதலில் அப்கிரேட் செய்யுங்கள்

கேள்வி இது: "எங்கள் நிறுவனத்தில் லோட்டஸ் டோமினோ 9.0.1 ஓடுகிறது. நோட்ஸ் அப்ளிகேஷன்கள் இருநூறுக்கு மேல் இருக்கும், பாதி யார் எழுதியது என்றே தெரியாது. இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றதும் பொறுப்பு என் தலையில் வந்தது. 'இந்த வருடத்துக்குள் மைக்ரோசாஃப்ட் 365க்குப் போய்விடுவோம்' என்கிறது மேலிடம். அதுவரை இந்த சர்வரைத் தொடாமல் விட்டுவைக்கலாமா? இதைக் கற்றுக்கொண்டால் எனக்கு ஏதாவது எதிர்காலம் உண்டா?"

தொடாமல் விடுவதுதான் இருக்கிற வழிகளில் மோசமானது. (புதியவர்களுக்கு: டோமினோ என்பது நிறுவனத்தின் மெயிலையும் அலுவலக அப்ளிகேஷன்களையும் ஓட்டும் சர்வர் மென்பொருள்; பயனரின் கணினியில் இருக்கும் அதன் கிளையன்ட்தான் நோட்ஸ்.) 365க்குப் போவது உறுதியாகவே இருக்கட்டும், அதற்கு முன் டோமினோவை 14 வரிசைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். போகப்போகிற வீட்டுக்கு வெள்ளையடிப்பதா என்று மேலிடம் கேட்கும். மெயிலை மாற்றுவதும் அப்ளிகேஷன்களை மாற்றுவதும் இரண்டு தனி வேலைகள் என்பதை அவர்களுக்கு அப்போதே விளக்கிவிட வேண்டும். மெயில் மாதக் கணக்கில் முடியும். அப்ளிகேஷன்கள் வருடக் கணக்கில் இழுக்கும். "இந்த வருடத்துக்குள்" என்று சொல்கிறவர் மனதில் இருப்பது மெயில் மட்டும்தான். மெயில் போன பிறகும் கொள்முதல் ஒப்புதல், தரப் புகார்ப் பதிவு, பயணப்படி விண்ணப்பம் எல்லாம் அதே பழைய சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது பராமரிப்புக்குப் பணம் கேட்டால் கிடைக்காது, ஏனென்றால் பட்ஜெட் தாளில் அந்த சர்வர் ஏற்கெனவே செத்துவிட்டது.

9.0.1 வெளிவந்தது 2013 அக்டோபரில். அதற்கான ஆதரவு 2024 ஜூனோடு முடிந்தது. முடிந்த அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று உலகம் முழுக்க டோமினோ நிர்வாகிகளுக்கு ஒரு கெட்ட நாள் வாய்த்தது. அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ ரீஸ்டார்ட் செய்த சர்வர்களில் ரவுட்டர் (டோமினோவுக்குள் மெயில்களைக் கொண்டுசேர்க்கும் பகுதி) மெயில்களைச் சேர்க்காமல் நிறுத்திக்கொண்டது. மென்பொருளுக்குள் தேதியைக் கையாளும் இடத்தில் இருந்த கோளாறு. ரீஸ்டார்ட் ஆகாத சர்வர்கள் ஒன்றும் நடக்காததுபோல ஓடின. அதனால் விண்டோஸ் பேட்ச் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவர்களுக்குத்தான் மறுநாள் தொலைபேசி ஓயாமல் அடித்தது. டோமினோவை இப்போது வைத்திருக்கும் எச்சிஎல் அவசரமாகத் திருத்தங்களை வெளியிட்டது, ஆதரவு முடிந்த பழைய பதிப்புகளுக்கும் சேர்த்து. அடுத்த முறையும் அந்தத் தாராளம் இருக்கும் என்று நம்பித் திட்டம் போட முடியாது. உங்கள் சர்வரில் அந்தத் திருத்தம் போடப்பட்டிருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள். போடாமல், ரீஸ்டார்டும் செய்யாமல் ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த மின்தடை வரைதான் அதன் ஆயுள்.

எச்சிஎல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள், "லோட்டஸ்" என்று நீங்கள் எழுதியதால் சொல்கிறேன். ரே ஓசியின் ஐரிஸ் நிறுவனம் லோட்டஸின் பணத்தில் உருவாக்கிய நோட்ஸ் 1989 டிசம்பரில் வந்தது. 1995இல் ஐபிஎம் 350 கோடி டாலருக்கு லோட்டஸை வாங்கியது. சர்வருக்கு டோமினோ என்ற பெயர் 1996இல் 4.5 பதிப்போடு வந்தது. 2018 டிசம்பரில் ஐபிஎம் இதையும் இன்னும் சில தயாரிப்புகளையும் 180 கோடி டாலருக்கு எச்சிஎல்லுக்கு விற்பதாக அறிவித்தது, 2019 நடுவில் கைமாறியது. ஆக, தூத்துக்குடி மாவட்டத்து மூலைப்பொழியில் பிறந்த சிவ நாடார் தொடங்கிய நிறுவனத்தின் கையில்தான் இன்று இது இருக்கிறது. ஐபிஎம் 9.0.1ஐ ஐந்து வருடம் அசையாமல் வைத்திருந்தது. அந்த ஐந்து வருடத்தில்தான் "நோட்ஸ் முடிந்துபோனது" என்ற பேச்சு எல்லா மேலாளர்களின் காதிலும் விழுந்தது. எச்சிஎல் வந்த பிறகு 11, 12, 14, 2025 ஜூனில் 14.5 என்று வரிசையாக வந்திருக்கின்றன. (13 என்று ஒரு பதிப்பே இல்லை, தாண்டிவிட்டார்கள்.)

அப்கிரேட் செய்யச் சொல்வதற்கு முக்கியமான காரணம், டோமினோவில் அது அவ்வளவு எளிது என்பதுதான். தொண்ணூறுகளில் எழுதிய என்எஸ்எஃப் கோப்பு (நோட்ஸ் டேட்டாபேஸ்) இன்றைய சர்வரில் அப்படியே திறக்கும். 9.0.1இலிருந்து இடையில் நிற்காமல் 14க்கு நேராகப் போகலாம். உங்கள் சர்வர் விண்டோஸ் 2012இல் இருக்கும் என்று ஊகிக்கிறேன்; அதற்கும் 2023 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. ஆகவே பழைய பெட்டியின் மேலேயே ஏற்றாமல், புதிய இயந்திரத்தில் புதிய டோமினோவை நிறுவி, டேட்டா கோப்புறையையும் சர்வர் ஐடியையும் (சர்வரின் அடையாளமும் சாவியும் உள்ள கோப்பு) அதே பெயரோடு கொண்டுபோய் வையுங்கள். டைரக்டரிக்கு (பயனர்கள், சர்வர்களின் பட்டியல்; கோப்பின் பெயர் நேம்ஸ்.என்எஸ்எஃப்) நிர்வாக சர்வராக இருப்பதை முதலில் செய்யுங்கள். உங்களுக்கு முன் இருந்தவர் நேம்ஸ்.என்எஸ்எஃப் டெம்ப்ளேட்டில் தன் கைவேலையைக் காட்டியிருந்தால் புதிய டெம்ப்ளேட் அதை அழித்துவிடும், அதனால் முன்கூட்டியே ஒப்பிட்டுப் பாருங்கள். கோப்புகளின் உள்வடிவம் தானாக மாறாது. காப்பி முறையில் காம்பாக்ட் (டேட்டாபேஸைச் சுருக்கும் கட்டளை) ஓட்டினால்தான் மாறும். அதை முதல் நாளே செய்ய வேண்டாம், சர்வர் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு இரவு நேரங்களில் பகுதி பகுதியாகச் செய்யலாம்.

இதில் ஒரு தடை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. நிறுவனம் பராமரிப்புச் சந்தாவை நிறுத்திவிட்டிருந்தால் புதிய பதிப்பை இறக்க முடியாது. இப்போதைய உரிமம் ஆள் கணக்கு. முன்புபோல பிராசசர் கணக்கு இல்லை. விலைப்புள்ளி கேட்பதற்கு முன் டைரக்டரியைச் சுத்தம் செய்யுங்கள். பத்து வருடத்துக்கு முன் போனவர்களின் பர்சன் டாக்குமெண்ட்கள் (ஆளுக்கு ஒன்றான பயனர் பதிவுகள்) அப்படியே கிடக்கும். இல்லாத ஆளுக்குக் காசு கட்டத் தேவையில்லை.

அப்கிரேடுக்கு முன் கட்டாயம் தேட வேண்டியது செர்ட்.ஐடி. நிறுவனத்தின் தாய்ச் சான்று அது. புதிய ஆளைப் பதிவு செய்ய, பெயர் மாற்ற, சான்று புதுப்பிக்க, எல்லாவற்றுக்கும் அதுவும் அதன் கடவுச்சொல்லும் வேண்டும். ஓய்வு பெற்றவரின் தொலைபேசி எண் இன்னும் உங்களிடம் இருக்கும்போதே கேட்டு வாங்கி, திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். கோப்பு இருக்கிறது, கடவுச்சொல் யாருக்கும் தெரியாது என்ற நிலையில் பல நிறுவனங்கள் இருக்கின்றன. அந்த நிலையில் கோப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். அடுத்தது ஐடி வால்ட், அதாவது பயனர்களின் ஐடி கோப்புகளுக்கு சர்வரில் ஒரு பெட்டகம். 8.5 முதல் இருக்கும் வசதி, ஆனாலும் பழைய நிறுவல்களில் பலர் போட்டிருக்கவே மாட்டார்கள். போடப்படவில்லை என்றால் அப்கிரேடுக்குக் காத்திருக்காமல் இப்போதே போடுங்கள், பயனர்களின் ஐடி கோப்புகள் அவர்கள் உள்நுழையும்போது வால்டுக்குள் சேரத் தொடங்கும். இது ஏன் அவசரம் என்பது மெயில் மாற்றத்தைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

டேயாஸ் என்று அழைக்கப்படும் இணைப்புக் கோப்புச் சேமிப்பு இயங்குகிறதா என்றும் பாருங்கள். இயங்கினால் இணைப்புகள் என்எஸ்எஃப் உள்ளே இருக்காது. வெளியே என்எல்ஓ கோப்புகளாக இருக்கும். இயல்பான அமைப்பில் அவை சர்வரின் சாவியால் பூட்டப்பட்டிருக்கும். பேக்கப்பில் என்எஸ்எஃப், என்எல்ஓ இரண்டும் இருந்து சர்வர் ஐடி மட்டும் இல்லாமல் போனால் இணைப்புகள் கிடைக்கவே கிடைக்காது. சர்வர் ஐடியை பேக்கப் எடுத்து வைப்பது யாருக்கும் முதலில் தோன்றாத விஷயம், மிகச் சின்ன கோப்பு.

அப்புறம் ஏஜெண்டுகள், அதாவது அப்ளிகேஷனுக்குள் தானாக ஓடும் நிரல்கள். நோட்ஸில் ஒவ்வொரு டிசைனிலும் அதைக் கடைசியாகச் சேமித்தவரின் கையெழுத்து இருக்கும், அவருக்கு உள்ள அதிகாரத்தில்தான் ஏஜெண்டு ஓடும். ஓய்வு பெற்றவரின் பெயரை மனிதவளத் துறையின் நினைவூட்டலுக்குப் பிறகு தடைப்பட்டியலில் (சர்வருக்குள் நுழையக்கூடாதவர்களின் பட்டியல்) சேர்ப்பீர்கள். மறுநாள் காலை இரவு நேர ஏஜெண்டுகள் ஒன்றுகூட ஓடியிருக்காது. கணக்குத் துறைக்குப் போக வேண்டிய தினசரி அறிக்கை போகாது, காரணம் யாருக்கும் உடனே பிடிபடாது. யார் பெயரிலும் இல்லாத ஒரு தனி ஐடியை உருவாக்கி, டேட்டாபேஸ்கள் அனைத்தையும் அதால் மறுகையெழுத்திட்டுவிட்டு, அதன் பிறகு தடைப்பட்டியலைத் தொடுங்கள்.

ஜாவா எழுதப்பட்ட இடங்கள்தான் அப்கிரேடில் உண்மையாகவே உடையும். டோமினோ 14இல் ஜாவா 8 போய் 17 வந்தது, 14.5இல் 21. பழைய நிரலாளர்கள் ஜார் கோப்புகளை (ஜாவா நிரல் தொகுப்புகள்) ஜேவிஎம் கோப்புறையின் 'லிப்' அடியில் உள்ள 'எக்ஸ்ட்' உள்ளே போட்டுவைத்திருப்பார்கள். அந்தக் கோப்புறையே இப்போது கிடையாது, அவற்றை 'என்டிஎக்ஸ்ட்' கோப்புறைக்கு மாற்ற வேண்டும். கிளையன்ட் பக்கம் இன்னொன்று: விண்டோஸ் நோட்ஸ் 14 முழுக்க 64 பிட். நோட்ஸின் சொந்த நிரல்மொழியான லோட்டஸ்ஸ்கிரிப்டில் 'டிக்ளேர்' போட்டு விண்டோஸ் அல்லது நோட்ஸ் சி ஏபிஐ செயல்களை அழைக்கும் நிரல்கள், வெளி டேட்டாபேஸோடு இணைக்கும் 32 பிட் ஓடிபிசி டிரைவரை நம்பியிருப்பவை, எல்லாம் கவனிக்க வேண்டியவை. நினைவக முகவரியை 'லாங்' மாறியில் பிடித்துவைக்கும் வரிகள் சோதனையில் ஓடிவிட்டு, நேரடிப் பயன்பாட்டில் கிளையன்டைச் சாய்க்கும். டிசைன் முழுக்க 'டிக்ளேர்' என்ற சொல்லைத் தேடிப் பட்டியல் எடுங்கள். பட்டியல் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும்.

பாதுகாப்புக்கு வருவோம். உங்கள் சர்வர் இணையத்தைப் பார்த்து நிற்கிறதென்றால், வெளியே எங்கிருந்தாவது பிரவுசரில் அதன் முகவரியோடு நேம்ஸ்.என்எஸ்எஃப் என்று தட்டிப் பாருங்கள். உள்நுழைவு கேட்காமல் திறந்தால் முழு ஊழியர் பட்டியலும் வெளியே கிடக்கிறது என்று அர்த்தம். பழைய அமைப்பென்றால் கடவுச்சொல்லின் ஹாஷும் (உருமாற்றிய வடிவம்) கூடவே கிடைக்கும், அதுவும் உடைக்க எளிதான பழைய வகை. 'அனானிமஸ்' என்ற பதிவை ஏசிஎல்லில் (டேட்டாபேஸின் அனுமதிப் பட்டியல்) சேர்த்து நோ ஆக்சஸ் கொடுங்கள். அந்தப் பதிவே இல்லையென்றால் பெயர் சொல்லாமல் வருகிறவருக்கு 'டிஃபால்ட்' அதிகாரம் கிடைத்துவிடும். பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான்.

சான்றிதழ் விவகாரம் ஒன்றே அப்கிரேடுக்குப் போதுமான காரணம் என்பேன். 9.0.1இல் இணையச் சான்றிதழை வைக்கும் கேஒய்ஆர் கோப்பைக் கட்டளைக் கருவியால் உருவாக்கி, சர்வரில் வைத்து, எச்டிடிபியை ரீஸ்டார்ட் செய்து என்று வருடம் ஒருமுறை சமாளித்திருப்பீர்கள். சான்றிதழ் வழங்குவோரும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவுப்படி பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் முதல் 100 நாள், 2029 மார்ச் முதல் 47 நாள். 47 நாளுக்கு ஒருமுறை இதைக் கையால் செய்ய எந்த நிர்வாகிக்கும் பொறுமை இருக்காது. டோமினோ 12இல் வந்த செர்ட்மேனேஜர் லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற சான்றிதழ் வழங்கும் அமைப்புகளிடம் தானே போய்ச் சான்றிதழ் வாங்கி, எல்லா சர்வர்களுக்கும் பரப்பி, தானே புதுப்பிக்கும். வெப் உள்நுழைவுக்கு மொபைல் செயலி எண்ணோடு இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பும் அதே 12இல் வந்ததுதான்.

இனி மெயில் மாற்றம். இதில் மூன்று பொறிகள். முதலாவது, நோட்ஸில் என்க்ரிப்ட் செய்த மெயில்கள். பெறுநரின் ஐடி கோப்பு இல்லாமல் அவற்றைத் திறக்க முடியாது, 365க்குள் போனால் வெற்றுத் தாள்தான். மாற்றுவதற்கு முன் பிரித்துவிட வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களின் பெட்டிகளுக்கு வால்டிலிருந்து ஐடியை எடுக்க ஆடிட்டர் பங்கு உள்ளவர் வேண்டும். வால்டை இப்போதே போடச் சொன்னது இதற்காக. இரண்டாவது, டாக்லிங்க், அதாவது நோட்ஸ் ஆவணத்துக்கான இணைப்பு. "இந்த ஆவணத்தை ஒப்புக்கொள்ள இங்கே அழுத்தவும்" என்று அப்ளிகேஷன் அனுப்பும் மெயிலில் இருக்கும் அந்தக் குட்டி ஐகான் அவுட்லுக்கில் வேலை செய்யாது. ஏஜெண்டு நிரலில் அதற்குப் பதிலாக இணைய முகவரியையோ நோட்ஸ் முகவரியையோ எழுத வேண்டும். மெயில் மாறும் நாளுக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள், இல்லையென்றால் மேலாளர்கள் ஒப்புதல் கொடுக்க முடியாமல் முதல் திங்கட்கிழமையே கலவரமாகிவிடும். மூன்றாவது, அப்ளிகேஷன்கள் அனுப்பும் மெயில் இனி எஸ்எம்டிபி வழியாக வெளியே போய் 365க்குள் நுழையும். எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்ற பதிவு), 365 பக்கத்துக் கனெக்டர் இரண்டும் சரியாக இல்லாவிட்டால் குப்பைப் பெட்டிக்குப் போகும். அப்ளிகேஷனுக்குள் மெயில் வாங்கும் மெயில்-இன் டேட்டாபேஸ்களையும் கணக்கெடுங்கள், அவை பயனர் பட்டியலில் தென்படாது.

அப்ளிகேஷன்களில் பாதிக்கு மேல் செத்தவையாகத்தான் இருக்கும். லாக்கில் உள்ள பயன்பாட்டுப் பதிவையும் டேட்டாபேஸ் கேட்டலாகையும் வைத்துப் பிரியுங்கள். சந்தேகமானவற்றை அழிக்காமல் எல்லோருக்கும் ரீடர் அதிகாரமாக இறக்கிவிட்டு ஒரு காலாண்டு காத்திருங்கள். யாரும் கூப்பிடவில்லை என்றால் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பலாம். ஒரு காலாண்டு வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம், காலாண்டு முடிவில் மட்டும் திறக்கும் டேட்டாபேஸ்கள் கணக்குத் துறையில் எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும்.

உயிரோடிருப்பவற்றில் ஷேர்பாயிண்டுக்கோ பவர் ஆப்ஸுக்கோ எளிதாகப் போகாதவை எவை என்று கண்டுபிடிக்க நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: ரீடர்ஸ் ஃபீல்டு. நோட்ஸில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் யார் படிக்கலாம் என்ற பட்டியலை அந்த ஆவணத்துக்குள்ளேயே வைக்கலாம், லட்சம் ஆவணங்கள் இருந்தாலும். ஷேர்பாயிண்டில் ஒரு லிஸ்ட்டுக்குத் தனி அனுமதிகள் அதிகபட்சம் 50,000, பரிந்துரைப்பதோ 5,000தான். சம்பள உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை, விலைப்பேச்சு போன்ற அப்ளிகேஷன்கள் இந்தச் சுவரில்தான் முட்டும். மாற்றித் தருகிறோம் என்று வரும் நிறுவனத்திடம் இதை முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அவர்கள் இதுவரை மாற்றியது போன் டைரக்டரிகளைத்தான்.

ரீடர்ஸ் ஃபீல்டு பற்றிப் பேசும்போதே இன்னொன்று. சர்வரின் பெயரோ லோக்கல்டொமைன்சர்வர்ஸ் குழுவோ அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அந்த ஆவணம் ரெப்ளிகேட் ஆகாது, அதாவது மற்ற சர்வரில் உள்ள நகலுக்குப் போகாது. புது சர்வருக்கு ரெப்ளிகா எடுத்து, எண்ணிக்கை குறைகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் முன் இதைப் பாருங்கள். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு: வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்த லேப்டாப் ஒன்று திரும்ப இணைந்து, அழித்த ஆவணங்களையெல்லாம் உயிர்ப்பித்துவிடும். அழித்ததற்கான அடையாளம் இயல்பாக 90 நாள்தான் நிற்கும், அதைத் தாண்டி வந்த ரெப்ளிகாவுக்கு அந்த ஆவணங்கள் புதியவை. 8.5.3 முதல் இதைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறது, போட்டுவையுங்கள்.

எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். நோட்ஸ் மட்டும் தெரிந்தவராக இருப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நோட்ஸும் தெரிந்து, மைக்ரோசாஃப்ட் பக்கத்தை நிரலால் கையாளும் பவர்ஷெல்லும் மைக்ரோசாஃப்ட் கிராஃபும் தெரிந்தவர்கள் மிகக் குறைவு, மாற்றத் திட்டங்கள் தடுமாறுவதே அவர்கள் இல்லாமல்தான். டோமினோ ரெஸ்ட் ஏபிஐ 2022இல் வந்தது. அதன் வழியாக என்எஸ்எஃப் தரவைச் சாதாரண ஜேசன் ஆக எடுத்து, முன்பக்கத்தை உங்களுக்குத் தெரிந்த எந்த ஜாவாஸ்கிரிப்ட் கருவியிலும் எழுதலாம். லோட்டஸ்ஸ்கிரிப்ட் படிக்கத் தெரிந்தால் போதும், அதில் புதிதாக எழுதத் தேவையில்லை. டிசைனரிலிருந்து டிசைனைக் கோப்புகளாக வெளியே எடுத்து கிட்டில் (நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி) வைக்கும் வழி 8.5.3 காலத்திலிருந்தே இருக்கிறது. யாரும் பயன்படுத்தாத நல்ல வசதி, உங்கள் முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி வந்தால் ஓபன்என்டிஎஃப் சமூகத்தில் கேளுங்கள், திறமூல நிரல்களும் அங்கேயே கிடைக்கும். 14.5இல் வந்த டோமினோ ஐக்யூ, மொழி மாதிரியை உங்கள் சர்வரிலேயே ஓட்டுகிறது, தரவு வெளியே போகாது. நல்ல யோசனைதான், ஆனால் அதைக் காட்டி மேலிடத்தின் மனதை மாற்ற முயலாதீர்கள். அவர்கள் வேறு நிறுவனத்தின் விளம்பரத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். ஒரு கொசுறு: நோட்ஸ் 6க்காக ஃபார்முலா எஞ்சினைத் திருப்பி எழுதிய டேமியன் காட்ஸ்தான் பின்னர் கவுச்டிபி என்ற டேட்டாபேஸை உருவாக்கினார். ஆவணம், ரெப்ளிகேஷன், வியூ என்று நீங்கள் இங்கே படிப்பதெல்லாம் அங்கேயும் அப்படியே பயன்படும்.

கடைசியாக, சர்வரை மூடும் நாளைப் பற்றி இப்போதே கணக்குத் துறையிடம் பேசுங்கள். கம்பெனிகள் சட்டம் 128ஆம் பிரிவு கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் 8 நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. கொள்முதல் ஒப்புதல் என்எஸ்எஃப் உள்ளே மட்டும் இருந்தால் அது இந்தக் கணக்கில் வருமா என்பதை ஆடிட்டர்தான் சொல்ல வேண்டும். வரும் என்றால் இரண்டே வழி. ஒன்று, ஆவணங்களை இணைப்புகளோடும் ஒப்புதல் வரலாற்றோடும் பிடிஎஃப் ஆக எடுத்துப் பட்டியலிட்டு வைப்பது. இரண்டு, எழுத முடியாதபடி பூட்டிய ஒரு டோமினோ சர்வரை உரிமத்தோடு அதுவரை ஓட்டுவது. இரண்டுக்கும் ஆகும் செலவை மாற்றத் திட்டத்தின் விலைப்புள்ளியில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாத விலைப்புள்ளியில் கையெழுத்து வாங்க விடாதீர்கள்.